மாமாவா, சாச்சாவா

இங்கிலீஷ்காரனுக்குச் சொந்தபந்தம் என்றால் அவ்வளவு அசட்டை. உம்மாவின் தம்பியும் அங்கிள், வாப்பாவின் தம்பியும் அங்கிள், உம்மாவின் தங்கச்சியைக் கட்டினவனும் அங்கிள், பஸ்ஸில் பக்கத்தில் இருந்து தோளில் உறங்கி விழுகிறவனும் அங்கிள். அந்த அசட்டையால் மருதமுனையில் ஒரு மனிதர் இருபது வருசமாகப் பூட்டி வைத்திருந்ததை ஒரு வெள்ளிக்கிழமை கொட்டிவிடுவார் என்று யார் கண்டது? ஆகிலா காணவில்லை. அவளுடைய கவலையெல்லாம் புதன்கிழமைக்குள் அத்தியாயத்தை முடித்துக் கொடுக்க வேண்டும் என்பதுதான்.

ஆகிலா மருதமுனைக்காரி, கல்முனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிறவள். வயது முப்பத்தொன்று. கணவன் ஸஹீத் கட்டாரில். கொழும்பில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போன இடத்தில், நடைபாதையில் பழைய புத்தகம் விற்கிறவனிடம் ஒரு நாவலை வாங்கினாள். ஷென் யுலான் என்ற சீனப் பெண் எழுதியது. அவள் எழுதியதை எவரோ இங்கிலீஷுக்கு மாற்றியிருந்தார்கள். பெயர் ‘பதினேழாவது பெயர்’. பின்னட்டையில் ஷென் யுலானின் படம் இருந்தது. கடன்காரனைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. ஆகிலாவுக்கு முதலில் பிடித்தது அந்தப் பார்வைதான்.

ஷென் யுலான் பத்தொன்பது வருசம் ஒரு ஆற்றங்கரை நகரத்துப் பத்திரிகையில் குற்றச்செய்தி நிருபராக இருந்தவள். எந்த வீட்டுக்குச் செய்தி எடுக்கப் போனாலும் மூன்று விசயம் பார்ப்பாளாம்: காலில் என்ன கிடக்கிறது, கையில் என்ன இருக்கிறது, அடுப்பில் என்ன இருக்கிறது. மற்றதெல்லாம் பொலிஸ்காரர் சொல்வார்கள், இந்த மூன்றையும் சொல்ல மாட்டார்கள் என்பது அவள் கொள்கை. ஒரு வருசம் ஆறு பெருகி ஊருக்குள் வந்தது. இறந்தவர்களின் பட்டியலை அவள்தான் எழுதினாள். பதினேழு பெயர். பட்டியல் அச்சான மறுநாள் ஒரு தாய் வந்து, பதினேழாவது என் மகள் என்று போட்டிருக்கிறாய், நீங்கள் புதைத்தது அவளை இல்லை என்று சொன்னாள். ஷென் யுலான் விசாரித்தாள். தாய் சொன்னது சரி. நாலு வரியில் ஒரு திருத்தம் எழுதிக் கொடுத்தாள். முடிந்த விசயத்தை ஏன் கிளறுகிறாய் என்று ஆசிரியர் போட மறுத்துவிட்டார். அவள் வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் நாவல் எழுதத் தொடங்கினாள். முன்னுரையில் ஒரு வரி எழுதியிருந்தாள்: “நான் செய்தி எழுதியபோது கதை விடுகிறாள் என்றார்கள். கதை எழுதினேன், இது யார் வீட்டுச் செய்தி என்று கேட்கிறார்கள்.”

ஆகிலா அவளுக்கு மின்னஞ்சல் போட்டாள். எங்கள் ஊரில் ஒரு சின்னப் பேப்பர் இருக்கிறது, வெள்ளிக்கிழமை தோறும் வரும், உங்கள் நாவலைத் தமிழில் தொடராகப் போடலாமா என்று கேட்டாள். ஒரு கிழமையில் பதில் வந்தது. போடலாம், காசு வேண்டாம், ஒரே நிபந்தனை: தெரியாத இடத்தில் என்னைக் கேட்க வேண்டும், நீயாக ஊகிக்கக் கூடாது.

ஆகிலா அந்த நிபந்தனையை மூன்றாம் அத்தியாயத்திலேயே மீறினாள். அங்கேதான் அங்கிள் வந்தார்.

நாவலில் மெய்ஃபாங் என்று ஒரு பெண். வெள்ளத்துக்குப் பிறகு அவளைக் காணவில்லை. இறந்து கிடந்த ஒரு மையத்தைக் காட்டி இதுதான் மெய்ஃபாங் என்று அடையாளம் சொன்னவர் அவளுடைய அங்கிள். அவள் இறந்துவிட்டாள் என்று எழுதியானதும் அவள் பெயரில் இருந்த வீடு அங்கிளின் கைக்குப் போகிறது. இந்த அங்கிள் யார்? உம்மாவின் தம்பியா, வாப்பாவின் தம்பியா? ஆகிலா கேட்டு எழுதினாள். பதில் இல்லை. ஷென் யுலான் புதிய நாவல் எழுதுவதற்காக ஏதோ மலைக்குப் போய்விட்டாள், அங்கே மின்னஞ்சல் பார்ப்பதில்லை என்று பதிப்பாளர் அறிவித்தார்.

பேப்பரின் ஆசிரியர் ஹிஷாம் விடுவாரா? புதன்கிழமை காலையில் தொடங்கி நாலு தரம் அழைத்தார். ஆகிலா யோசித்தாள். கல்முனைக் கரையில் வீடு என்றால் பெண்ணுடையது. ஆண்பிள்ளை கலியாணம் கட்டின கையோடு பெண்டாட்டி வீட்டுக்குப் போய்விடுவான். வீடு உம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். வாப்பாவின் தம்பிக்கு அந்த வீட்டு முற்றத்து மண்ணில்கூட உரிமை இல்லை. வீட்டைப் பற்றி யோசிக்கிறவன் என்றால் அது உம்மா வழி ஆள்தான். அவளுக்கு இதில் சந்தேகமே வரவில்லை. ‘மாமா’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சோறு தின்னப் போனாள். சீனாவில் வீடு எந்த வழியில் போகும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. ஆருக்குத்தான் தன் ஊர் நடப்பு உலக நடப்பு இல்லை என்று தோன்றும்?

தொடர் சூடு பிடித்தது. ஜும்ஆ முடிந்து வருகிறவர்கள் பேப்பரை வாங்கி முதலில் அதைத்தான் வாசித்தார்கள். கிழமைக்குக் கிழமை அந்த மாமாவில் சந்தேகம் கூடியது. ஊரில் கதையைக் கதையாகவா விடுவார்கள்? ஆகிலாவுக்கு மாமா என்று இருப்பது ஒரேயொருவர், காலிதீன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தேத்தண்ணிக் கடையில் அவரைக் கண்டால் போதும், “என்ன காலிதீன், மருமகள் உன்னத்தான் எழுதிறாவாமே, வீட்டு உறுதிப் பத்திரம் எங்க?” என்று பகிடி. அவர் சிரிப்பார், பதில் சொல்ல மாட்டார்.

பகிடிக்கு அவர் பொருந்தாத ஆள் என்பது எல்லாருக்கும் தெரியும். சுனாமியில் ஆகிலாவின் உம்மா ஸுஹைறா மௌத்தானபோது ஆகிலாவுக்குப் பதினொரு வயது. வாப்பா இரண்டு வருசத்தில் சம்மாந்துறையில் கலியாணம் கட்டிப் போய்விட்டார். அவளை வளர்த்தது காலிதீன் மாமாவும் முஸ்பிறா மாமியும். அவள் இருக்கிற வீட்டைக் கல்லுக் கல்லாகக் கட்டிக் கொடுத்தவரும் அவர்தான். தங்கச்சிக்குச் செய்ய வேண்டியதை மருமகளுக்குச் செய்கிறேன் என்பார். உம்மாவை அடக்கின கபுறுக்குத் தலைமாட்டில் மீசான் கட்டை நட்டதும், வருசம் தவறாமல் அதைச் சுற்றிப் புல் பிடுங்குவதும் அவரே. கபுறுகள் இருக்கிற மையவாடிக்குள் பெண்கள் போவதில்லை. ஆகிலா ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் போகிற வழியில் மதிலுக்கு வெளியே ஸ்கூட்டியை மெதுவாக்கி, உம்மாவின் கபுறடி வேப்பமரத்துக்கு நேரே வந்ததும் அவருக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போவாள்.

எட்டாவது அத்தியாயம் வந்த வெள்ளிக்கிழமை, பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்னால், காலிதீன் மாமா வந்தார். கையில் பேப்பர், நாலாக மடித்திருந்தார். பகிடி அளவுக்கு மேலே போயிருக்கும், ஏச வந்திருக்கிறார் என்று ஆகிலா நினைத்தாள். கதிரையை இழுத்துப் போட்டாள். அவர் இருக்காமல் நின்றார்.

“ஆர் சொன்ன உனக்கு?” என்றார்.

“என்னத்த மாமா?”

“இத.” பேப்பரை நீட்டினார். பெருவிரல் இருந்த இடத்தில் இப்படி இருந்தது: ‘மாமா துணியை விலக்கினார். அது தன் ஆள் இல்லை என்று அவருக்கு உடனேயே தெரிந்துவிட்டது. இருந்தும் தலையை ஆட்டினார்.’

“அது சீனாக்காரி எழுதின மாமா. நான் தமிழுக்கு மாத்தின, அவ்வளவுதான்.”

“சீனாக்காரிக்கு ஆர் சொன்ன?”

ஆகிலாவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

“முஸ்பிறாவுக்கும் தெரியா,” என்றார். “ஒருத்தருக்கும் சொல்லல்ல. அங்க நிண்டது நானும் அந்த ட்ரக்டர்காரனும்தான். அவன் மௌத்தாகிப் பத்து வருசம். பின்ன எப்பிடிப் பேப்பருக்கு வந்த?”

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பார்களே, அதை அவள் வகுப்பில் எத்தனை தரம் விளக்கியிருப்பாள். அன்றைக்கு அது அவள் மூளையில் ஏறவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நின்றாள். “மாமா, நீங்க என்னத்தக் கதைக்கிறீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

அவர் அவளை உற்றுப் பார்த்தார். அவளுக்கு ஒன்றுமே தெரியாது என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். ஏதோ ஒரு சாட்டுச் சொல்லிவிட்டு வந்த வழியே போயிருக்கலாம். இருபது வருசம் வாயை மூடத் தெரிந்த மனிதருக்கு இன்னொரு நாள் மூடத் தெரியாதா? அவர் போகாமல் கதிரையில் இருந்தார்.

“மையவாடியில கிடக்கிற உன்ட உம்மா இல்ல, மகள்,” என்றார்.

பிறகு சொன்னார். நிறுத்தி நிறுத்தி, பஸ்ஸில் இறங்குகிற இடங்களைச் சொல்கிற குரலில்.

“செவ்வாய்க்கிழம. தண்ணி வந்து ரெண்டு நாள். உன்னயும் எல்லாரயும் உள்ளுக்கு ஒரு பள்ளிக்கூடத்துல வெச்சிரிந்த. நீ வாசல் கேட்டடியில குந்திட்டாய். உம்மா வந்தாத்தான் எழும்புவனாம். ரெண்டு நாள் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல்ல. டாக்டர் சொன்னாரு, இந்தப் புள்ளயும் போயிடும் எண்டு. உம்மா என்ன உடுத்திருந்த எண்டு கேட்டன். பச்சச் சாறி எண்டாய். நான் பச்சச் சாறியத் தேடித் திரிஞ்சன். தாழம்பத்தைக்குள்ள ஒண்டு கிடந்த. மூஞ்சி விளங்கல்ல. உசரமெல்லாம் சரி. இடக் கையில பார்த்தன், கோயில் நூல் கட்டிரிந்த.”

“தமிழ்ப் பொம்புளயா?”

“ஓம். ஆர்ட பொம்புளயோ. ட்ரக்டர்காரன் கேட்டான், உங்கட ஆளா எண்டு. நான் ஓம் எண்டன். நூல நான்தான் அறுத்தன். கடலுக்க எறிஞ்சன். அண்டைக்கு அஸருக்குப் பிறகு அடக்கின. வந்து உனக்கிட்டச் சொன்னன், உம்மாவக் கண்டு அடக்கிட்டம், இனி எழும்பு மகள் எண்டு. நீ அழுதாய். அழுதுபோட்டு ரெண்டு துண்டு பாண் திண்டாய்.”

அந்தப் பாண் ஆகிலாவுக்கு நினைவிருக்கிறது. பருப்புக் கறியில் தோய்த்து மாமா ஊட்டினார். அவருடைய விரலில் கடல் மணல் இருந்து பல்லில் நறநறத்தது. இதுவரை அதை அவள் தன் உயிர் திரும்பிய வேளையாகத்தான் நினைத்து வைத்திருந்தாள்.

“பிறகு சொல்லியிருக்கலாமே மாமா.”

“நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு இரிந்தன். நீ ஓஎல் சோதின எடுக்கட்டும் எண்டன். கலியாணம் முடியட்டும் எண்டன். அப்பிடியே இருவது வருசம் போன.”

“அப்ப உம்மா எங்க?”

“தெரியா,” என்றார் காலிதீன் மாமா.

அவர் போன பிறகு ஆகிலா அழவில்லை. கோபம்தான் வந்தது. ஆனால் ஆரில் கோபப்படுவது? அவளைச் சாகவிடாமல் எழுப்பின மனிதரிலா? அந்தப் பெண்ணின் கையில் இருந்த நூலை அறுத்த மனிதரிலா? இரண்டும் ஒரே ஆள். கோபத்தை எடுத்தால் நன்றி கூடவே வந்தது, நன்றியை எடுத்தால் கோபம் வந்தது. அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடித்த வாசம் வந்த பிறகுதான் எழும்பினாள்.

அன்று பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பிறகு மின்னஞ்சலைத் திறந்தால், ஷென் யுலான் மலையிலிருந்து இறங்கியிருந்தாள். இரண்டே வரி. தாமதத்துக்கு மன்னிக்கவும். மெய்ஃபாங்கின் அங்கிள் அவளுடைய ஷூஷூ, அதாவது தகப்பனின் தம்பி. எங்கள் பக்கம் வீடு தகப்பன் வழியில் போவது என்பதால் வேறு எவராகவும் இருக்க முடியாது.

தகப்பனின் தம்பி. சாச்சா. ஆகிலா அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ‘சாச்சா துணியை விலக்கினார்’ என்று சரியாக எழுதியிருந்தால் காலிதீன் மாமா அதை வாசித்துவிட்டுப் பேப்பரால் விசிறிக்கொண்டு படுத்திருப்பார். பகிடி அவளுடைய சாச்சாவுக்குப் போயிருக்கும். உம்மா வேப்பமரத்தடியிலேயே இருந்திருப்பார். அவள் செய்த ஒரு பிழையால் உண்மை வந்துவிட்டதா, அல்லது உம்மாவைத் தொலைத்ததே அவள் பிழைதானா? எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடம் போகிறபோது வேப்பமரத்துக்கு நேரே ஸ்கூட்டி தன்பாட்டில் மெதுவானது. கை பழகிவிட்டது. ஸலாம் சொல்ல வாயைத் திறந்தாள். ஆருக்குச் சொல்வது? ஸலாத்தின் பொருளே விளங்காத ஒரு பெண்ணுக்கா? இருபது வருசமாக ஒவ்வொரு நாளும் ஆரோ ஒரு பெண்ணிடம் உம்மா என்று சொல்லிக்கொண்டல்லவா போயிருக்கிறாள். அந்தப் பெண்ணைத் தேடி அவளுடைய பிள்ளைகள் எந்தக் கேட்டடியில் குந்தியிருந்தார்களோ. பின்னால் ஆட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான். அன்று முதல் தரமாக ஸலாம் சொல்லாமல் போனாள்.

பின்னேரம் மாமா வீட்டுக்குப் போனாள். மாமி கடைக்குப் போயிருந்தார்.

“மாமா, நான் பிழையா எழுதிட்டன். சீனாக்காரி பதில் போட்டிரிக்கா. அது மாமா இல்லியாம், சாச்சாவாம்.”

காலிதீன் மாமா நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப நான் வாயத் துறந்த சும்மாவா?”

“ஓம் மாமா.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார், பிறகு சாரத்தின் நுனியால் கண்ணைத் துடைத்தார். “நீ பிழையா எழுதினதால உன்ட சாச்சா தப்பிட்டான்,” என்றார். ஆகிலாவும் சிரித்தாள். சிரிக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

“அந்தப் பொம்புளயப் பத்தி வேற என்ன ஞாபகம் மாமா? காலில, கையில?”

“காலில ஒண்டுமில்ல. வலக் கையில, முழங்கைக்குக் கீழ, ஒரு சூட்டுத் தழும்பு. அஞ்சு ரூபாக் குத்தி அளவு.” அவர் தன் கையிலேயே அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். யோசிக்கவே இல்லை. இருபது வருசமும் அவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அன்று அவள் ஷென் யுலானுக்கு எழுதிய மின்னஞ்சல் நாவலின் ஒரு அத்தியாயத்தை விட நீளம். ஊகித்ததற்கு மன்னிப்பு, மாமா, நூல், பாண், வேப்பமரம், எல்லாம். இதை எப்படி எழுதுவது, கதையாக எழுதட்டுமா என்று கடைசியில் கேட்டாள். இந்த முறை பதில் மறுநாளே வந்தது.

“நான் பத்தொன்பது வருசம் நிருபராக இருந்தும் ஒரு நாலு வரிச் செய்தியைப் போட முடியவில்லை. அதற்குப் பதிலாகத்தான் முந்நூற்று எண்பது பக்கத்தில் கதை எழுதினேன். நாவல் நன்றாக விற்றது. அந்தத் தாய்க்கு அதனால் ஒன்றும் இல்லை. உன்னிடம் ஒரு பேப்பர் இருக்கிறது. கதை எழுதாதே. நாலு வரி போடு. ஒரு அடையாளத்தை மட்டும் அச்சில் போடாமல் பிடித்து வை. தேடிக் களைத்தவர்கள் நீ எதைச் சொன்னாலும் ஓம் என்பார்கள். பிடித்து வைத்ததைக் கேள். அது தெரிந்தவரிடம் மட்டும் கொடு. மற்றது, தொடரில் மாமாவைத் திருத்து.”

மாமா மறுக்கவில்லை. “போடு,” என்றார். “உன்ட நம்பரப் போடு. எனக்குக் காதும் கேக்கிற இல்ல.” ஹிஷாம்தான் இழுத்தார். கையெழுத்துத் தாளை வாங்கி இரண்டு தரம் வாசித்தார்.

“இது கதையா செய்தியா, டீச்சர்?”

“செய்தி.”

“ஊர் கதைக்கும்.”

“கதைக்கட்டும் ஹிஷாம் நானா. எத்தினையோ கதைக்கிற.”

வெள்ளிக்கிழமை இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தன. மேலே திருத்தம்: தொடரில் ‘மாமா’ என்று வந்த இடமெல்லாம் ‘சாச்சா’ என்று வாசிக்கவும். கீழே நாலு வரி: 2004 டிசம்பர் 28ஆம் திகதி மருதமுனைக் கரையில் கண்டெடுத்து அடக்கப்பட்ட, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், அப்போது வேறொருவர் என்று தவறாக அடையாளம் சொல்லப்பட்டுவிட்டார். பச்சைச் சாறி. இடது மணிக்கட்டில் கோயில் நூல். தேடுகிறவர்கள் இந்த இலக்கத்துக்கு அழைக்கவும். தழும்பை அவள் போடவில்லை.

திருத்தத்துக்குத்தான் அழைப்பு அதிகம். ஊரிலுள்ள சாச்சாமாரெல்லாம் கோபித்துக்கொண்டார்கள். இத்தனை அத்தியாயம் மாமாவாக இருந்தவன் ஒரே நாளில் எப்படிச் சாச்சாவாகலாம் என்று ஒருவர் கேட்டார். நாலு வரியும் தொடரின் அடுத்த பகுதிதானே, பிறகு என்ன நடந்தது என்று இன்னொருவர் கேட்டார். ஆகிலாவுக்கு மண்டை விறைத்துவிட்டது.

உண்மையாகத் தேடி அழைத்தவர்கள் மூன்று பேர். பாண்டிருப்பிலிருந்து ஒரு பெண், தாயைத் தேடினாள். தாய்க்கு அப்போதே அறுபது வயது. வீரமுனையிலிருந்து இன்னொருத்தி, கடற்கரைப் பக்கம் கலியாணம் கட்டிப் போன அக்காவைத் தேடினாள். பச்சைச் சாறி, ஓம். நூல், ஓம். கையில் ஏதாவது அடையாளம் என்று ஆகிலா கேட்டதும், “ஓம், மச்சம்,” என்றாள். பிறகு, “தழும்பும் இருக்கலாம்,” என்றாள். பிறகு தொலைபேசியிலேயே அழுதாள். இல்லை என்று சொல்ல ஆகிலாவுக்கு நெஞ்சு வரவில்லை. இருந்தும் சொன்னாள்.

மூன்றாவது அழைப்பு செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்தது. காரைதீவிலிருந்து, அழகரெத்தினம் என்று பெயர் சொன்னார். சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருக்கிறாராம். பின்னால் எவரோ இரும்பில் தட்டுகிற சத்தம் கேட்டது. நிப்பாட்டச் சொல்லிவிட்டுப் பேசினார்.

“என்ட மனிசி, பிள்ள. சுனாமியில போனவ. அவவை எடுக்கவே இல்ல.”

“அண்டைக்குப் பச்சைச் சாறியா உடுத்திருந்தவ, ஐயா?”

“இல்ல. ஹவுஸ்கோட்டோடதான் நிண்டவ. பூப் போட்டது.”

“கையில கோயில் நூல்?”

“அவ கட்டுறதில்ல.”

ஆகிலா நிறுத்தியிருக்கலாம். ஆனாலும் வழக்கப்படி கேட்டாள். “கையில அடையாளம் ஏதும், மச்சமோ தழும்போ?”

“ஒண்டுமில்ல பிள்ள. அவட கை நல்ல கை.”

பொய் சொல்லத் தெரியாத மனிதர். எல்லாவற்றுக்கும் இல்லை என்கிறார். ஆகிலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அப்ப இது உங்கட ஆள் இல்லியே ஐயா,” என்றாள் மெதுவாக.

“இல்லத்தான்,” என்றார் அவர். “அது பேப்பரைப் பார்த்த உடனேயே தெரியும்.” பிறகு கேட்டார், “ஆரும் வந்து எங்கட ஆள் எண்டு சொன்னவையா?”

“இன்னும் இல்ல.”

“எனக்கு அறுபத்தெட்டு வயசு, பிள்ள. போய் நிக்கிறதுக்கு ஒரு இடமில்ல. ஆரும் வரும் வரைக்கும் நான் அதை என்ட மனிசி எண்டு வெச்சிக்கொள்ளட்டா?”

ஷென் யுலான் சொன்னது அவள் காதில் இருந்தது. பிடித்து வைத்ததைத் தெரிந்தவரிடம் மட்டும் கொடு. மாமா தாழம்பத்தைக்குள் நின்று ஓம் என்று சொன்னது எப்படி இருந்திருக்கும் என்று ஒரு கிழமைக்கு மேலாக அவளுக்கு விளங்காமல் இருந்தது. இப்போது அந்தச் சொல் அவளுடைய வாயில் வந்து நின்றது.

“ஓம் ஐயா,” என்றாள். “வலக் கையில, முழங்கைக்குக் கீழ, ஒரு சூட்டுத் தழும்பு இரிந்ததாம். அதையும் சேத்து வெச்சிக்கொள்ளுங்க.”

ஆகிலா தொலைபேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“எண்ணெய் தெறிச்சிருக்கும்,” என்றார் அவர் பிறகு. “அடுப்படியில அவவுக்குக் கவனமே இல்ல.”